வெப் ஒரு விபிஎஸ், டேட்டாபேஸ் இன்னொரு விபிஎஸ்: டாக்கர்ல எப்படி பேச வைக்கிறது?

புதுசா_வந்தவன்
வணக்கம் மக்களே. ஒரே சர்வர்ல டாக்கர் கம்போஸ் (ஆப்கள தனித்தனி பெட்டியா, அதாவது கன்டெய்னரா, ஒரே ஃபைல் வச்சு ஓட்டறது) போட்டு வேர்ட்பிரஸ், மரியாடிபி டேட்டாபேஸ் ரெண்டும் ஓடிட்டிருந்துச்சு, கூட்டம் ஏறுனா ரேம் பத்தாம மரியாடிபிய கெர்னல் கொன்னுடுது, அதனால டேட்டாபேஸ மட்டும் அதே டேட்டா சென்டர்ல இன்னொரு விபிஎஸ்ஸுக்கு (வாடகை வர்ச்சுவல் சர்வர்) மாத்திட்டேன். வெப் 10.0.0.4, டேட்டாபேஸ் 10.0.0.5, பிரைவேட் நெட்வொர்க்ல பிங் போகுது. ஆனா ஹோஸ்ட் பேருக்கு பழையபடி கம்போஸ் சர்வீஸ் பேரக் குடுத்தா அப்படி ஒரு பேரே இல்லைங்குது, லோக்கல்ஹோஸ்ட்னு குடுத்தா 'நோ சச் ஃபைல்'ங்குது. இதுல ஃபைல் எங்கேந்து வந்துச்சு? டேட்டாபேஸ் போர்ட் 3306 திறந்துட்டு யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல வெப் ஐபிக்கு மட்டும் அலவ் பண்ணா போதுமா, இல்ல ஸ்வார்ம்தான் (பல மெஷின் டாக்கர ஒண்ணா சேக்கறது) கத்துக்கணுமா?

கருப்பட்டி_காபி
தல, சர்வீஸ் பேர ஐபியா மாத்திக் குடுக்கறது டாக்கரோட உள் டிஎன்எஸ், அது அந்த ஒரு மெஷினோட பிரிட்ஜ் நெட்வொர்க்குக்குள்ள மட்டும்தான், பக்கத்து மெஷின்ல என்ன ஓடுதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. லோக்கல்ஹோஸ்ட்னா கன்டெய்னருக்குள்ள அந்த கன்டெய்னரேதான், அதுலயும் பிஹெச்பி அந்தப் பேரப் பாத்தா டிசிபில போகாம யூனிக்ஸ் சாக்கெட் ஃபைலத் தேடும், ஃபைல் மேட்டர் அதான். ஹோஸ்ட்ல நேரா 10.0.0.5 போடுங்க. டேட்டாபேஸ் பக்கம் கம்போஸ்ல போர்ட்ஸ் வரிய வெறும் 3306:3306னு விடாம 10.0.0.5:3306:3306னு எழுதுங்க.

இரவுப்பணி
மேல சொன்ன அந்தக் கடைசி வரிய அடிக்கோடு போட்டு வச்சுக்கங்க. யூஎஃப்டபிள்யூவ நம்பி 3306:3306 போட்டா ஊருக்கே தொறந்து விட்ட மாதிரி, ஏன்னா டாக்கர் ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட அடிப்படை ஃபயர்வால்) தன் ரூல தானே எழுதிக்குது, பாக்கெட் கன்டெய்னருக்கு திருப்பி விடப்பட்டு ஃபார்வர்ட் வழியாப் போயிடுது, யூஎஃப்டபிள்யூல நீங்க போட்ட ரூல் இன்புட் செயின்ல இருக்கு, அந்தப் பக்கமே அது வராது. ஸ்டேட்டஸ் பாத்தா டினைனு அழகா காட்டும், வெளியில இருந்து டெல்நெட் அடிச்சா கனெக்ட் ஆகும் 😅 ஐபி வச்சு தடுக்கணும்னா டாக்கர்-யூசர் செயின்ல போடணும்.

புதுசா_வந்தவன்
நன்றிண்ணே, ரெண்டு பேருக்கும். ஐபி மாத்தினதும் கனெக்ட் ஆகுது, இப்ப 'ஆக்சஸ் டினைட்'. கம்போஸ்ல பாஸ்வேர்ட மாத்தி கன்டெய்னர திரும்ப எழுப்பிப் பாத்தேன், அதே பாட்டுதான்.

கருப்பட்டி_காபி
கம்போஸ்ல குடுக்கற யூசர், பாஸ்வேர்ட் எல்லாம் வால்யூம் (டேட்டா சேமிக்கிற இடம்) காலியா இருக்கப்ப முதல் தடவ மட்டும்தான் எடுத்துக்கும், டேட்டா இருந்தா கண்டுக்கவே கண்டுக்காது. கன்டெய்னருக்குள்ள போய் ஆல்டர் யூசர்ங்கற எஸ்கியூஎல் கமாண்ட் அடிச்சு பாஸ்வேர்ட மாத்துங்க. தயவுசெஞ்சு வால்யூம அழிச்சிடாதீங்க, இணையத்துல பாதிப் பேர் அதத்தான் வழின்னு சொல்றான். அப்படியே யூசரோட ஹோஸ்ட்ட % (எந்த ஐபியும்) னு விடாம 10.0.0.4 ஆக்கிடுங்க, வெப் கன்டெய்னர்லேந்து போற டிராஃபிக் வெளிய வர்றப்ப அந்த மெஷின் ஐபிலதான் வரும்.

நூல்கண்டு
ஸ்வார்ம் பத்தி யாரும் சொல்லல. அதுல ஓவர்லே நெட்வொர்க் (மெஷின்களுக்கு நடுவுல டாக்கர் போடற நெட்வொர்க்) போட்டா ரெண்டு மெஷின்லயும் சர்வீஸ் பேரே வேலை செய்யும், ஆனா 2377, 7946, 4789 போர்ட்டெல்லாம் நடுவுல திறக்கணும், ரெண்டே ரெண்டு மெஷினுக்கு அவ்வளவு தேவையில்லைங்கறது என் கருத்து. பிரைவேட் நெட்வொர்க் இல்லாத இடத்துல நான் வயர்கார்ட் விபிஎன்தான் போடுவேன். அதுல ஒரு சிக்கல், ரீபூட் ஆனா வயர்கார்ட் எழும்பறதுக்கு முன்னாடி டாக்கர் எழுந்துட்டா அந்த ஐபில போர்ட் பைண்ட் ஆகாது, டேட்டாபேஸ் கன்டெய்னர் வரவே வராது. சிஸ்டம்டில (லினக்ஸ்ல சர்வீஸ்கள கிளப்பறது) டாக்கர் சர்வீஸ வயர்கார்டுக்கு அப்புறம் கிளம்புற மாதிரி வச்சிடுங்க.

புதுசா_வந்தவன்
ஆல்டர் யூசர் அடிச்சதும் சைட் வந்துடுச்சு. வெளியில இருந்து 3306 அடிச்சுப் பாத்தேன், ரெஃப்யூஸ்டு 👍