ஷ்னிட்கே பியானோ குவின்டெட்: குவார்ட்டர் டோன் எல்லாம் சுருதி பிசகின மாதிரியே கேட்குதே?

வில்நுனி:
சோவியத் இசையமைப்பாளர் ஆல்ஃப்ரெட் ஷ்னிட்கேயின் பியானோ குவின்டெட் (1972–76; பியானோவும் நாலு தந்தி வாத்தியமும்) பயிற்சியில் இருக்கு. நோட்டு ஐந்து பேருக்கும் கைக்கு வந்தாச்சு. தந்தி வாத்தியங்கள் குவார்ட்டர் டோனில் (அரைச்சுரத்தில் பாதி) நெருங்கி நிற்கிற இடங்கள் மட்டும் வேண்டும்னே வாசிச்ச மாதிரி கேட்கலை, யாரோ தப்பா விரல் வெச்ச மாதிரி கேட்குது. ட்யூனரைப் பார்த்து 50 சென்ட் (நூறு சென்ட் ஒரு அரைச்சுரம்) சரியா வெச்சாலும் சேர்ந்து வாசிக்கிறப்போ நழுவிடுது. கடைசிப் பகுதியில் பியானோ திரும்பத் திரும்ப வாசிக்கிற இடத்திலும் சுருதி ஒட்ட மாட்டேங்குது. எங்கிருந்து சரி பண்ண ஆரம்பிக்கலாம்?

நடுத்தந்தி:
குவார்ட்டர் டோனுக்குப் போறதுக்கு முன்னாடி வெறும் தந்திகளை (விரல் வைக்காத தந்திகளை) பாருங்க. இந்தக் குவின்டெட் பியானோ தனியா வாசிக்கத்தான் தொடங்குது. தந்திகள் நுழையறதுக்குள்ள கேட்கிறவங்க காதில் பியானோ சுருதி உட்கார்ந்துடும். அதுக்கு எதிரா 5, 6 சென்ட் விலகினாலும் அடுத்து வர்ற குவார்ட்டர் டோனையும் அந்தப் பிசகோடயே சேர்த்துக் கேட்பாங்க.

பிசகு எங்கிருந்து வருதுன்னா: ச-ப இடைவெளியைச் சுத்தமா வெச்சா 702 சென்ட், பியானோவில் அது 700. பியானோவிடம் ஏ வாங்கிக்கிட்டு டி, ஜி, சி-ன்னு கீழே இறங்கினா மூணு தடவை 2 சென்ட் சேரும். வயோலா, செல்லோ ரெண்டோட சி தந்தியும் 6 சென்ட் இறங்கி நிற்கும். அதனால ஏ மட்டும் வாங்காதீங்க. ஏ, டி, ஜி, சி நாலையும் பியானோவில் தனித்தனியா அடிக்கச் சொல்லி, அந்தந்த எட்டிலேயே (ஆக்டேவிலேயே) சேர்த்துக்கங்க. பியானோவின் ஏ 442 ஹெர்ட்ஸில் இருந்தா அது 440-ஐ விட ஏறக்குறைய 8 சென்ட் மேலே. வீட்டில் பயிற்சி பண்ற ட்யூனரையும் அதே எண்ணுக்கு மாத்தி வைங்க.

விம்மல்_எண்ணி:
நடுத்தந்தி சொன்னதை முடிச்சிட்டு இதைச் செய்யுங்க. குவார்ட்டர் டோனை ட்யூனர் பார்த்துப் பழகினா கண்ணுக்குத்தான் பழகும். விம்மலை, அதாவது நெருங்கின ரெண்டு சுரம் சேர்றப்போ சத்தம் ஏறி இறங்குறதை, எண்ணிப் பழகுங்க.

வயோலா ஜி தந்தியில் ஏ (220 ஹெர்ட்ஸ்) பிடிக்கட்டும். ரெண்டாம் வயலின் தன் ஜி தந்தியில் அதே ஏ-க்கு ஒரு குவார்ட்டர் டோன் மேலே பிடிக்கட்டும். ரெண்டு பேரும் வைப்ரட்டோ (விரலை அசைச்சுச் சுரத்தை ஆட்டுறது) இல்லாம, நீளமான வில்லில், மெல்ல வாசிங்க. நொடிக்கு ஆறு, ஆறரை விம்மல் வரணும். மெட்ரோனோமை 60-ல் போட்டு, ஒரு தட்டுக்கு ஆறு அடங்குதான்னு பாருங்க. நாலு, அஞ்சுதான் வருதுன்னா இடைவெளி குறுகிடுச்சு. ஒன்பதைத் தொட்டா அரைச்சுரம் பக்கம் ஓடுது. இது நிலைச்சதும் ஒரு எட்டு மேலே போங்க. அங்கே நொடிக்கு 13, எண்ண முடியாது, ஒரு கரகரப்பாத்தான் கேட்கும். அந்தக் கரகரப்பின் நிறத்தைக் காது பிடிச்சுக்கணும். நாலு பேரும் ஒண்ணா வாசிச்சா விம்மல்கள் குழம்பிடும். அதனால இணை இணையா கட்டி, கடைசியில் நாலையும் சேருங்க.

விரல் கணக்கு: 328 மி.மீ. வயலின் தந்தியில் முதல் விரலிலிருந்து குவார்ட்டர் டோன் சுமார் 8 மி.மீ. பாதித் தந்திக்கு மேலே போனா அது 5-க்கும் கீழே. செல்லோவில் நட் (தந்தி தொடங்குற மேல்முனை) பக்கம் 20 மி.மீ. கிட்ட வரும். செல்லோக்காரருக்கு இடம் தாராளம், வயலினுக்கு விரல் நுனியைச் சாய்க்கிற அளவுதான். எல்லாரும் ஒரே மாதிரி "கொஞ்சம் தள்ளி" வெச்சா கண்டிப்பா பொருந்தாது.

ரெண்டு பழக்கத்தைக் கட்டாயம் விடுங்க. ஒண்ணு வைப்ரட்டோ: சுரமே சில பத்து சென்ட் ஆடுறப்போ 50 சென்ட் இடைவெளி எங்கே தெரியும்? இன்னொண்ணு, கமகம் மாதிரி கீழேயிருந்து இழுத்து வந்து சேர்றது. கிளிசாண்டோ (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போறது) எழுதாத இடத்தில் விரல் நேரா அந்த இடத்தில் இறங்கணும். இழுத்து வந்தா தேடுற மாதிரிதான் கேட்கும்.

இடதுபெடல்:
கடைசிப் பகுதி பற்றி. அது டி ஃப்ளாட் மேஜர். அந்த ஸ்கேலில் இருக்கிற வெறும் தந்தி சி ஒண்ணுதான், அதனால வாத்தியம் தானா அதிர்ந்து உதவாது. பியானோதான் ஆதாரம். பெரும்பாலும் பிசகுறது எஃப்தான், மூணாவது சுரம். தனியா வாசிக்கிறப்போ வயலின் கை அதை 408 சென்ட் பக்கம் உயர்த்தும், குவார்டெட்டா வாசிச்சுப் பழகின காது 386-க்கு இறக்கும். பியானோ 400-ல் அசையாம நிற்குது. எஃப் வர்ற இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு, பியானோவோட அதை மட்டும் பிடிச்சுப் பாருங்க.

பியானோவில் திரும்பத் திரும்ப வர்ற அந்தக் கரு (சின்ன மெட்டு) 14 தடவை வரும். 1 முதல் 14 வரை ஐந்து பேர் பார்ட்டிலும் எண் எழுதிடுங்க, யாரும் தொலைய மாட்டாங்க. பியானோ கை தன்னையறியாம ஒவ்வொரு சுற்றிலும் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தும், அதை அடக்கணும். முன் பகுதிகளின் நிழல்தான் தந்திகளில் மேலே வந்து போகுது. கரு மேலெழுந்தா அந்த நிழல் மறைஞ்சிடும், எனக்கு இந்தப் படைப்பின் உயிரே அங்கேதான்.

வால்ஸ் பகுதியிலும் பெடலைக் கவனிங்க. பி ஃப்ளாட், ஏ, சி, பி, அதாவது ஜெர்மன் சுரப் பெயர்களில் B-A-C-H, இசையமைப்பாளர் பாக் பெயர் எழுத்துகள். நாலும் மூணு அரைச்சுரத்துக்குள்ள அடங்குது. பெடலைப் பிடிச்சே வெச்சா எல்லாம் ஒரே கூழாயிடும், குவார்டெட் என்ன வாசிச்சாலும் கேட்காது.

வில்நுனி:
நன்றி, சி தந்தி கணக்கு யோசிக்கவே இல்லை. பியானோ மூடியைப் பாதி இறக்கினா சமன் ஆகுமா?

இடதுபெடல்:
மேல் சுரங்களின் தெளிவுதான் முதல்ல போகும், கீழ்ச்சுர முழக்கம் அப்படியே நிற்கும். குவார்ட்டர் டோனைப் பொருத்திப் பார்க்க உங்களுக்கு அந்தத் தெளிவுதான் வேணும். முழுசா திறந்து வெச்சு, கையில் குறைங்க.

நடுத்தந்தி:
மூடி விஷயத்தில் எனக்கு வேற கருத்து. கூடம் சின்னதா இருந்தா பாதி மூடிதான் சரி. ஆனா செல்லோ எண்ட்பின்னை (தரையில் ஊன்றுற கம்பியை) பியானோ வளைவுக்குள்ள வைக்காம கொஞ்சம் வெளியே தள்ளி வைங்க. உள்ளே உட்கார்ந்தா செல்லோக்காரருக்குப் பியானோவின் கீழ்ச்சுரம் மட்டுமே கேட்கும், அதை நம்பியே சுருதியை இறக்கிடுவார்.