உதவி: எண்ணெய் நிலையத்தில் விழுந்து கை முறிந்தது, முதலாளி சொக்சோ (ஊழியர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேண்டாம் என்கிறார்

ஜெலுத்தோங் மலர்:
வணக்கம். தம்பிக்கு வயது 24. பினாங்குத் தீவில் ஓர் எண்ணெய் நிலையத்தில் இரவு ஷிப்ட் கேஷியர். போன செவ்வாய் விடிகாலை 3 மணிக்கு, சில்லரில் (குளிர்பெட்டியில்) அடுக்க மினரல் தண்ணீர்ப் பெட்டிகளைத் தூக்கி வரும்போது, அப்போதுதான் மாப் போட்ட தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டு 21 நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்திருக்கிறார்கள்.

முதலாளி, "சொக்சோ போனால் இழுத்தடிக்கும், ஆண்டு விடுப்பில் கழித்துக்கொள், கையில் கொஞ்சம் காசு தருகிறேன்" என்கிறார். சம்பளச் சீட்டில் அடிப்படை 1,700 வெள்ளி (ரிங்கிட்), ஓவர்டைம் மாதம் 560 வாக்கில். பிடித்தம் இரண்டு: 8.25, 3.30. தம்பி சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கோரிக்கை போட முடியுமா? முதலாளி கையெழுத்துப் போட மறுத்தால் என்ன வழி?

பிறை கணக்கர்:
போடலாம். வேலையிடத்து விபத்துக்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் விழுந்தாலும் காப்பு உண்டு. பார்ட் டைம், புரபேஷன் எல்லாருக்கும் அதே சட்டம்தான், 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம்.

அந்த இரண்டு பிடித்தத்தில் 8.25தான் சொக்சோ. 3.30 என்பது எஸ்ஐபி, வேலை போனால் கிடைக்கும் காப்புறுதி. அதற்கும் இந்த விபத்துக்கும் சம்பந்தம் இல்லை.

முதலில் ஒன்று சொல்லுங்கள். அவசரப் பிரிவில் தம்பி என்ன சொல்லிப் பதிந்தார்? "வேலையிடத்தில் விழுந்தேன்" என்றா, வெறுமனே "விழுந்தேன்" என்றா?

ஜெலுத்தோங் மலர்:
வேலை செய்யும்போது என்றுதான் சொன்னானாம். சூப்பர்வைசர்தான் காரில் கொண்டு போய் விட்டார்.

பிறை கணக்கர்:
அப்படியானால் பாதிக் கவலை தீர்ந்தது. மருத்துவப் பதிவில் "வீட்டில் விழுந்தார்" என்று ஏறிவிட்டால், பிறகு எத்தனை சாட்சி வந்தாலும் விசாரணை நீளும். முதலாளிக்குப் பயந்து பிள்ளைகள் அங்கேதான் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

இன்றே செய்ய வேண்டியது: விபத்தை முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் போதும். தேதி, நேரம், இடம், எப்படி விழுந்தார், யார் பார்த்தார், எம்சி படம் எல்லாம் ஒரே செய்தியில் போகட்டும். தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. "எனக்குத் தெரியாது" என்று பின்னால் சொல்ல இடம் வைக்காதீர்கள். அதே செய்தியில் சிசிடிவி பதிவை எடுத்து வைக்கும்படியும் கேளுங்கள். நிலையங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், மாதக் கடைசி வரை காத்திருக்காது.

பிறகு தாள்கள். விபத்து அறிவிப்புப் படிவம் (பழைய ஆட்கள் இன்னும் போராங் (படிவம்) 21 என்பார்கள், இப்போது கேட்பது 34), ஐசி (அடையாள அட்டை) நகல், எம்சி எல்லாம், விபத்துக்கு முந்தைய 6 மாதச் சம்பளப் பதிவு, விபத்து மாதத்தின் வருகைப் பதிவு, தம்பியின் சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு விவரம். அம்மா கணக்கு, அக்கா கணக்கு எதுவும் செல்லாது. எம்சி தேதிகள் விட்டுப்போகாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் இடைவெளி விழுந்தால் அந்த நாள் ஏன் என்று கேள்வி வரும். அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் எம்சி முடிந்த மறுநாளில் விழுந்திருந்தால், இப்போதே மருத்துவரிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள்.

முதலாளி கையெழுத்து மறுத்தால், இருக்கும் தாள்களோடு நேரே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். அவர்கள் முதலாளிக்கு எழுதி விசாரிப்பார்கள். ஆட்களைப் பதியாமல், பணம் கட்டாமல் விட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆலோசனைக்குச் சொக்சோவின் எண் 1-300-22-8000. அழைத்துப் பேசிய அதிகாரி பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

தஞ்சோங் பூங்கா ராஜன்:
காசு கணக்கையும் பார்த்துவிடுவோம், அங்கேதான் முதலாளி விளையாடியிருக்கிறார்.

தற்காலிக இயலாமைக்குக் கிடைப்பது சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. எம்சி விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் இருக்க வேண்டும். தம்பிக்கு 21, பிரச்சினை இல்லை. நாள் சம்பளத்தைச் சம்பளச் சீட்டிலிருந்து எடுக்க மாட்டார்கள், முந்தைய 6 மாதம் கட்டிய பங்களிப்பிலிருந்துதான் கணக்கிடுவார்கள். 8.25 என்பது 1,600 முதல் 1,700 வரையான படிநிலை, அதற்குச் சொக்சோ எடுத்துக்கொள்ளும் சம்பளம் 1,650. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 55, அதில் 80 விழுக்காடு 44 வெள்ளி.

ஆனால் ஓவர்டைமும் சொக்சோவுக்குச் சம்பளம்தான். ஷிப்ட் அலவன்ஸ், கமிஷன்கூட அப்படியே. போனஸும் பயணப் படியும்தான் சேராது. 1,700 கூட்டல் 560 என்றால் 2,260. அந்தப் படிநிலையில் பிடித்தம் 11.25 ஆகியிருக்க வேண்டும், எடுத்துக்கொள்ளும் சம்பளம் 2,250, நாளுக்கு 60 வெள்ளி. வித்தியாசம் நாளுக்கு 16, 21 நாளுக்கு 336 வெள்ளி. பிறகு நிரந்தர இயலாமைக் கணக்கும் இதே அடிப்படையில்தான் போடுவார்கள் என்பதால் இதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் பங்களிப்புப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, குறைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று எழுத்தில் கொடுங்கள்.

மிகக் குறைந்த சம்பளக்காரர்களுக்கு ஓர் ஆறுதல்: நாளுக்கு 30 வெள்ளிக்குக் கீழே போகாது. மாதம் 600 வாங்கும் பார்ட் டைம் பிள்ளைக்கு அவன் நாள் சம்பளத்தைவிடவே அது அதிகம்.

மாக் மண்டின் செல்வி:
ஆண்டு விடுப்பில் கழிப்பது தப்பு, ஒத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. சொக்சோ தற்காலிக இயலாமைப் பணம் தரும் நாட்களுக்கு, வேலைச் சட்டம் 1955இன் 60எஃப் பிரிவுப்படி முதலாளி மருத்துவ விடுப்புச் சம்பளம் தர வேண்டியதில்லை. அதாவது கோரிக்கை போட்டால் அவருக்குத்தான் மிச்சம்! அது புரியாமல் மறைக்கிறார்கள், அல்லது குறைத்துக் கட்டியது வெளியே வரும் என்று மறைக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் படுகிறது.

இன்னொன்று. "சும்மா கவுண்டரில் உட்கார், ஒரு கையால் ஸ்கேன் பண்ணு" என்று கூப்பிட்டால் போகக் கூடாது. வேலை செய்து சம்பளம் வாங்கிய நாளுக்குப் பணம் கிடையாது. வருகைப் பதிவில் அவன் பெயர் ஏறினால் மற்ற எம்சி நாட்களையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஆயர் ஈத்தாம் முனியாண்டி:
இழை எடுத்தவருக்கு இடைஞ்சல் செய்யவில்லை, ஒரு சந்தேகம். எங்கள் நிலையத்துப் பையன் காலை 7 மணிக்கு ஷிப்ட் முடிந்து, மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிள் விழுந்தது. கிடைக்குமா?

பிறை கணக்கர்:
வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நேரடிப் பாதையில் நடந்தால் உண்டு. வேலை நேரத்தில் அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் சாப்பிடப் போய் வருவதும் உண்டு. ஷிப்ட் முடிந்த பிறகு வேறு எங்காவது நின்றாலோ, பாதை மாறினாலோ பயணம் முறிந்ததாகக் கணக்கு, நிராகரிக்க இடம் உண்டு. கடை எங்கே, எவ்வளவு நேரம் இருந்தான், எங்கே விழுந்தான் என்பதெல்லாம் விசாரிப்பார்கள். கேட்டதை உள்ளபடி சொல்லட்டும். போலீஸ் புகார் கட்டாயம். வீட்டிலிருந்து வேலைக்கு வழக்கமான பாதையையும் விழுந்த இடத்தையும் குறித்த வரைபடம் சேர்த்துக் கொடுக்கணும். புகாரில் ஒரு பாதை, வரைபடத்தில் இன்னொரு பாதை என்று இருக்கக் கூடாது.

தஞ்சோங் பூங்கா ராஜன்:
கொள்ளையர் பாராங் கத்தியால் வெட்டினாலும் வேலை விபத்துதான், எண்ணெய் நிலையத்தில் அது அந்த வேலைக்கே உரிய ஆபத்து. சொந்தப் பகையால் வந்த சண்டை என்றால் கதை வேறு. போலீஸ் புகாரில் கொள்ளை என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஜெலுத்தோங் மலர்:
எல்லாருக்கும் நன்றி. நிலையத்தில் நேபாளத்துப் பையன் ஒருவன் போன மாதம் கையை வெட்டிக்கொண்டான், அவனுக்கும் உண்டா? தம்பிக்குக் கை முழுசாக மடங்காமல் போனால்?

மாக் மண்டின் செல்வி:
அவனுக்கும் உண்டு. பர்மிட் உள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 1.1.2019 முதல் சொக்சோதான். அதற்கு முன் இருந்த தனியார் காப்புறுதிக் கதையை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தஞ்சோங் பூங்கா ராஜன்:
கைக்கு அவசரப்படாதீர்கள். பிசியோ முடிந்து, இதற்கு மேல் தேறாது என்று மருத்துவர் சொன்ன பிறகு நிரந்தர இயலாமைக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு முன் போனால் மருத்துவக் குழு "சிகிச்சை முடியட்டும்" என்று தள்ளிவைக்கும். மதிப்பீடு 20 விழுக்காடு வரை என்றால் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக எடுத்து மீதியை ஆயுள் முழுக்க மாதாமாதம் வாங்கலாம்.

குழு முன் போகும்போது எக்ஸ்ரே, பிசியோ குறிப்புகள் கையில் இருக்கட்டும். பாட்டில் மூடி திறக்க முடியவில்லை, 5 கிலோ அரிசிப் பை தூக்க முடியவில்லை என்று செய்ய முடியாததைச் சொல்ல வேண்டும், "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. மதிப்பீடு குறைவாகப் பட்டால், முடிவு கையில் கிடைத்த 90 நாளுக்குள் மேல்முறையீடு. கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அஞ்சல் முத்திரைத் தேதி தேவைப்படும்.