டிமென்ஷியாவுக்கு மாநிலத் திட்டம்: முதல் காசு கிளினிக்குக்கா, வீட்டுக்கா?

கணக்குப்பிள்ளை:
ஒரு மாநில அரசு டிமென்ஷியாவுக்கென்று, அதாவது நினைவும் யோசனையும் மெல்லச் சிதையும் நோய்க்கென்று, தனித் திட்டம் போடுகிறது, கையில் இருக்கும் பணமோ கொஞ்சம்தான் என்று வைத்துக்கொள்வோம். முதல் காசு நோயைக் கண்டறிவதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. மாவட்டத்துக்கு ஒரு மெமரி கிளினிக் (மறதியைச் சோதித்துக் காரணம் கண்டறியும் இடம்), பயிற்சி பெற்ற மருத்துவர், ஒழுங்கான பதிவேடு. உலக சுகாதார நிறுவனம் 2017ல் கொண்டுவந்த செயல்திட்டத்திலும், 2025க்குள் பாதி நாடுகளிலாவது நோயாளிகளில் பாதிப் பேருக்காவது நோய் கண்டறியப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு இலக்கு உண்டு. அது எட்டப்படவில்லை, திட்டம் இப்போது 2031 வரை நீண்டிருக்கிறது. "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்ற பேச்சோடு வீட்டுக்குள்ளேயே முடிந்துபோகிறவர்களை எண்ணாமல் யாருக்காக மையம் கட்டுவது, எத்தனை ஆள் எடுப்பது?

அரைத்தூக்கம்:
எங்கள் அம்மாவை எண்ணிவிட்டார்கள் சார். தேதி கேட்டார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். முடிவில் அல்சைமர், அதாவது டிமென்ஷியாவில் ஒரு வகை, என்று எழுதிய சீட்டு, ஒரு மாத்திரை, ஆறு மாதம் கழித்து வாருங்கள். அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புகிறவரிடம் இதுதான் உங்கள் வீடு என்று வாதாடக் கூடாது, கொஞ்சம் நடக்கவிட்டு, பேச்சை மாற்றித் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்பதை நானே எட்டு மாதம் சண்டை போட்டுத்தான் கற்றுக்கொண்டேன். உங்கள் பதிவேட்டில் ஒரு வரி கூடியது, எனக்கு ஒரு மணி நேரத் தூக்கம்கூடக் கூடவில்லை.

கணக்கு என்று பேசினால் இதையும் எழுதுங்கள். 2019ல் டிமென்ஷியாவால் உலகத்துக்கு ஆன செலவு 1.3 லட்சம் கோடி டாலர் என்பது அதே உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, அதில் ஏறக்குறைய பாதி வீட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் பார்க்கும் வேலையின் மதிப்பு. அந்த மணிநேரங்களில் எழுபது சதவீதம் பெண்களுடையது. எந்த பட்ஜெட்டிலும் வராத பணம் என்பதால்தான் அது மலிவாகத் தெரிகிறது.

செவ்வாய் ஓபி:
நான் நர்ஸ், முதியோர் பிரிவு. அரைத்தூக்கம், உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் கண்டறிவதை அப்படித் தள்ளிவிட முடியாது. டிமென்ஷியா என்று முத்திரை குத்திக் கொண்டுவரப்படுகிறவர்களில் சிலருக்கு இருப்பது பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு. விழுந்து அடிபட்டு மூளைக்கு வெளியே ரத்தம் கட்டியவர்களும் உண்டு. அவர்களை நேராகப் பகல்நேர மையத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அது அநியாயம். சரி, அதற்காக மாவட்டத்துக்கு ஒரு கிளினிக்தான் வழியா என்றால் அதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனையும் அந்தக் கேள்வித்தாளும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கலாம், சிக்கலானவர்களை மட்டும் மேலே அனுப்பினால் போதும். கட்டடம் திறந்தால்தான் திட்டம் என்று நினைப்பது ஒரு வியாதி, அதற்கு மருந்து இல்லை.

கணக்குப்பிள்ளை:
கட்டடத்தை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் புது மருந்துகளைப் பாருங்கள், அல்சைமருக்கான லெகனமாபுக்கு அமெரிக்காவில் 2023ல் முழு அனுமதி கிடைத்தது, அது ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். கண்டறியத் தாமதமானால் அந்த வாசலே மூடிவிடும்.

செவ்வாய் ஓபி:
அந்த வாசலுக்குள் போக மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பதை பெட் ஸ்கேன், தண்டுவட நீர் போன்ற பரிசோதனைகளில் உறுதிசெய்ய வேண்டும், மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். நோய் குணமாகாது, சரிவு கொஞ்சம் மெதுவாகும். பழைய அல்சைமர் மாத்திரைகளின் பலன் போதாது என்று பிரான்ஸ் 2018ல் அரசுக் காப்பீட்டிலிருந்தே எடுத்துவிட்டது. மருந்தை நம்பி ஒரு மாநிலம் திட்டம் போடுவது வேண்டாம்.

நடுவரிசை:
அமெரிக்காவில் 2024 ஜூலையில் கைடு என்று ஒரு டிமென்ஷியா திட்டம் ஆரம்பித்தார்கள், பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு ஓய்வு கொடுப்பதற்காக, தகுதியுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வரை. மாநிலங்கள் இதைத்தான் காப்பியடிக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
அது மாநிலத் திட்டம் இல்லை, மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு, மத்திய அரசுப் பணம். நம் விவாதமே மாநிலத்தின் பையைப் பற்றியது. மாநில உதாரணம் வேண்டுமென்றால் கேரளா, 2014ல் ஸ்ம்ருதிபதம் என்ற டிமென்ஷியா திட்டம். பகல்நேர மையம், தங்கும் மையம் இரண்டும் திறந்தார்கள். ஆனால் சில மையங்களில் எத்தனை குடும்பங்கள் அடங்கும்?

அரைத்தூக்கம்:
அடங்காதுதான். அதனால்தான் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள் என்கிறேன். ஸ்காட்லாந்தில் நோய் தெரிந்த பிறகு குறைந்தது ஒரு வருடம் ஒரு குறிப்பிட்ட ஊழியர் கூடவே இருந்து உதவ வேண்டும் என்று 2013லேயே உறுதி கொடுத்தார்கள், எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று சொல்லவில்லை, ஆனால் சீட்டைக் கையில் கொடுத்தவுடன் அரசு வேலை முடிந்தது என்று அங்கே யாரும் எழுதவில்லை. என் கோரிக்கை சின்னது. வாரம் இரண்டு தடவை நான்கு மணி நேரம் எனக்குப் பதில் ஒருவர், அம்மாவைக் குளிப்பாட்டத் தெரிந்தவர், அடிக்க வந்தால் பயப்படாதவர்.

கணக்குப்பிள்ளை:
அந்த ஒருவரை யார் பயிற்றுவிப்பது, என்ன சம்பளம்? நினைத்த சம்பளத்துக்கு ஆள் நிற்காது. பகல்நேர மையம் என்றால் ஒரு ஊழியர் நான்கைந்து பேரைப் பார்த்துக்கொள்வார், செலவு கட்டுப்படும். பணத்தில் பாதியை அதற்கு ஒதுக்கத் தயார், போதுமா?

அரைத்தூக்கம்:
வேன் உண்டா அதில்? காலையில் அவரைப் புடவை கட்ட வைக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அப்புறம் ஆட்டோவில் ஏற மாட்டேன் என்பார், ஏறினால் பாதி வழியில் இறங்கப் பார்ப்பார். கூட்டிப்போய் விட்டுவிட்டு நான் வீடு திரும்புவதற்குள் திரும்ப அழைத்துவரும் நேரம் வந்துவிடும்.

செவ்வாய் ஓபி:
வேனும், வேனில் கூட வரும் ஒரு அம்மாவும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள் கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளை:
எழுதிவிட்டேன். இப்போது டீசல் எந்தத் தலைப்பில் வரும், சுகாதாரத் துறையா சமூக நலத்துறையா?