மறு: ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’ – தெளிவாழம் சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

புகைப்படக் கலையில் ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’ என்பதற்கு, அதாவது படத்தில் முன்னும் பின்னுமாக எவ்வளவு இடம் தெளிவாக விழுகிறது என்பதற்கு, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள்: புல ஆழம், காட்சி ஆழம், குவிய ஆழம், தெளிவு வீச்சு, பின்புல மங்கல். தெளிவாழம் என்று இன்னொன்றை நான் சேர்க்கிறேன். கொஞ்சம் நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல் என்பதைவிட, அந்தச் சொல் எதைக் குறிக்க வேண்டும் என்பதில்தான் நமக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை என்று தோன்றுகிறது.

> பின்னால் இருப்பது எவ்வளவு மங்குகிறது என்பதுதானே விஷயம்? ‘பின்புல மங்கல்’ என்றால் யாருக்கும் உடனே புரியும்.

புரியும். ஆனால் புரிவது வேறொன்று. லென்ஸ் ஒரே ஒரு தூரத்தில் இருப்பதைத்தான் சரியாகக் குவிக்கிறது. அந்தத் தூரத்துக்குச் சற்று முன்னாலும் பின்னாலும் இருப்பவையும் நம் கண்ணுக்குத் தெளிவாகவே படுகின்றன. கேமராவுக்கு எதிரே நிறுத்திவைத்த தடித்த கண்ணாடிப் பலகையாக அந்த இடத்தை நினைத்துக்கொள்ளலாம். பலகைக்குள் இருப்பதெல்லாம் தெளிவு. அந்தப் பலகையின் தடிப்புதான் நாம் பெயர் தேடும் பொருள்.

பின்புலம் எவ்வளவு மங்குகிறது என்பது தனிக் கணக்கு. ஆளுக்கு அரை மீட்டர் பின்னால் சுவர் இருக்கும்போது ஒரு படமும், அதே இடத்தில், அதே அமைப்பில், 20 மீட்டர் பின்னால் மரங்கள் இருக்கும்போது ஒரு படமும் எடுங்கள். டெப்த் ஆஃப் ஃபீல்டு இரண்டிலும் ஒன்றே. மங்கலில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இன்னொன்றும் செய்து பார்க்கலாம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை வைத்து 2 மீட்டரில் இருப்பவரை எஃப் 4-இல் எடுங்கள் (எஃப் எண் லென்ஸின் துளை அளவைச் சொல்வது; எண் கூடினால் துளை சுருங்கும்). அப்புறம் 100 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு 4 மீட்டருக்குப் பின்வாங்கி, அதே எஃப் 4-இல் எடுங்கள். ஆள் இரண்டு படத்திலும் ஒரே அளவில் இருப்பார், தெளிவாக விழும் இடமும் இரண்டிலும் சுமார் 38 செ.மீ.தான். ஆனால் 100 மி.மீ. படத்தில் தூரத்துப் பின்புலம் மிக அதிகமாகக் கரைந்திருக்கும். ஒன்று மாறாதபோது மற்றது மாறுகிறது என்றால் இரண்டும் ஒரே பெயரில் இருக்க முடியாது.

இதைச் சொல்லாராய்ச்சியாக மட்டும் நான் பார்க்கவில்லை. மங்கலை வைத்துப் பெயர் சூட்டினால், புதிதாகக் கேமரா வாங்கியவர் பின்புலத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தில் எது தெளிவாக விழுந்தது என்று பார்க்க மாட்டார். 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, 2 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழுவது சுமார் 6 செ.மீ.தான், குவித்த இடத்துக்கு முன்னால் 3, பின்னால் 3. முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவு, மறு கண் போச்சு. கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணில் குவிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். இரண்டு பேர் என்றால் இருவர் முகமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நிற்க வைக்க வேண்டும், இல்லையென்றால் துளையைச் சுருக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் அதே 2 மீட்டரில் எஃப் 1.8-க்கு சுமார் 17 செ.மீ. கிடைக்கிறது, எஃப் 8-க்கு 78 செ.மீ. கிடைக்கிறது. எனக்கு எத்தனை செ.மீ. வேண்டும் என்று யோசிக்க வைக்கும் சொல்லாக இருந்தால் நல்லது.

> பாடநூல் வழக்கை ஒட்டிப் ‘புல ஆழம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

காந்தப்புலம், மின்புலம் என்று படித்தவர்களுக்குப் புலம் என்றதும் இயற்பியல்தான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு, படம் எடுப்பவர்கள் பின்புலம் என்ற சொல்லை நாள்தோறும் புழங்குகிறார்கள். புல ஆழம் என்றால் ‘பின்புலம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது’ என்று படிப்பார்கள். மறுபடியும் அதே குழி. காட்சி ஆழம் இதைவிட இனிமையான சொல்தான். ஆனால் ஒரு படத்தில் முன், நடு, பின் என்று அடுக்குகள் தோன்றுவதைச் சொல்ல அது பொருத்தமாக இருக்கிறது, அதை அதற்கே விட்டுவிடலாம்.

குவிய ஆழத்தை நான் உறுதியாக எதிர்க்கிறேன். ‘டெப்த் ஆஃப் ஃபோகஸ்’ என்று வேறொரு பொருள் ஏற்கனவே இருக்கிறது. அது லென்ஸுக்கு உள்பக்கம், படம் பதியும் சென்சார் இருக்கும் பக்கத்தில் உள்ளது. சென்சார் எவ்வளவு தூரம்வரை முன்பின் நகர்ந்தால் படம் கெடாமல் இருக்கும் என்பதன் அளவு அது. எஃப் 1.8-இல் மொத்தமே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வரும். லென்ஸ் மாட்டும் வளையம் துளி சாய்ந்தாலும் படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்குவது இதனால்தான். ஆங்கிலத்திலேயே இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள், நாமும் அந்தக் குழப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. வெளியே இருப்பதற்குத் தெளிவாழம், உள்ளே இருப்பதற்குக் குவிவாழம் என்றால் இரண்டும் ஜோடியாகவும் நிற்கும், தனித்தனியாகவும் தெரியும்.

> தெளிவு என்பது முற்றியலுகரத்தில் முடிகிறது. தெளிவாழம் என்று புணருமா?

புணரும். குற்றியலுகரம் கெடுவது போலவே முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்று நன்னூலே இடம் தருகிறது. கதவு + அழகு கதவழகு ஆகிறதே, அதே வழிதான். தெளிவான, தெளிவாக என்று நாமும் அப்படித்தானே எழுதுகிறோம்.

இலக்கணத்தைவிட வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. இதுவரை யாரும் அதை எழுப்பவில்லை, நானே எழுப்பிவிடுகிறேன். துளையை எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கிக்கொண்டே போனால் தெளிவாழம் கூடும். ஆனால் ஒளி சிறிய துளையின் விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுக்கவே நுணுக்கம் குறையும். அப்போது ‘தெளிவாழம் கூடியது, தெளிவு குறைந்தது’ என்று எழுத வேண்டிவரும். படிப்பவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். தெளிவுத்திறன் என்ற சொல்லை ரெசல்யூஷனுக்குப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள், அதுவும் வந்து குறுக்கே நிற்கும்.

இதற்கு என் தீர்வு: ஷார்ப்னஸைக் கூர்மை என்றும், ரெசல்யூஷனைப் பிரிதிறன் என்றும் எப்போதும் எழுதிவிடுவது. இரண்டு சொல்லுமே ஏற்கனவே புழக்கத்தில் உள்ளவை. ‘எஃப் 22-இல் தெளிவாழம் கூடும், கூர்மை குறையும்’ என்றால் குழப்பமில்லை, பாடமும் ஆகிவிடுகிறது. தவிர, கூர்மை லென்ஸையும் சென்சாரையும் பொறுத்தது. இங்கே தெளிவு என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. மேலே நான் கொடுத்த செ.மீ. கணக்கெல்லாம், ஒரு புள்ளி சென்சாரில் 0.03 மி.மீ. வட்டத்துக்கு மேல் பரவாதவரை கண் அதைப் புள்ளியாகவே ஏற்கும் என்ற வழக்கத்தை வைத்துப் போட்டவை. அதே படத்தைத் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் தெளிவாழம் சுருங்கிவிடும். அந்த 0.03 மி.மீ. வட்டத்துக்கு மங்கல் வட்டம் என்பது போதும். ஆங்கிலத்தின் ‘சர்க்கிள் ஆஃப் கன்ஃப்யூஷன்’ என்பதை அப்படியே பெயர்த்துக் ‘குழப்ப வட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அங்கே குழம்புவது வாசகர் மட்டும்தான்.

ஆழம் என்பது கிணற்றுக்கும் கடலுக்கும்தானே என்று ஒருவர் கேட்டார். அதற்காகத் தெளிவுத் தடிமன் என்று வைத்தால் பொருள் இன்னும் துல்லியமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இலங்கை நண்பர்களுக்குத் தடிமன் என்றால் ஜலதோஷம்! வீச்சு என்பதை டைனமிக் ரேஞ்சுக்கு (ஒரே படத்தில் பதியக்கூடிய இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளிக்கு) வைத்திருக்கிறோம், அதைக் கலைக்க வேண்டாம்.

ஒரு கலைச்சொல் தலைப்பில் அழகாக இருந்தால் போதாது, வாக்கியத்துக்குள் போய் உட்கார வேண்டும். முயன்று பார்த்தேன்:

பூச்சியை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழவைத்தால், எஃப் 8-இல்கூடத் தெளிவாழம் ஒரு மில்லிமீட்டர்தான். அதனால் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படம் எடுத்து அடுக்குகிறோம்.

கேமராவில் தெளிவாழ முன்னோட்டப் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். துளை சுருங்கி வியூஃபைண்டர் இருண்டாலும் எதுவரை தெளிவு என்று தெரியும்.

பழைய லென்ஸ்களில் குவிய வளையத்தின் பக்கத்தில் தெளிவாழ அளவுகோல் பொறித்திருக்கும்.

மூன்றிலும் இடறவில்லை. தெளிவாக விழும் இடத்தின் இரு ஓரங்களையும் முன்னெல்லை, பின்னெல்லை என்று சொல்லிவிடலாம். ‘ஷாலோ’ என்பதற்கு ஆழமற்ற, மேலோட்டமான என்றெல்லாம் போக வேண்டாம், குறைந்த தெளிவாழம் என்றாலே போதும்.

> அப்படியானால் ‘போக்கே’?

அதைத் தனி இழையாக வைத்துக்கொள்வது நல்லது. சுருக்கமாகச் சொன்னால், அது மங்கலின் அளவு அல்ல, மங்கலின் தன்மை. ஜப்பானியச் சொல், 1997-இல் ‘ஃபோட்டோ டெக்னிக்ஸ்’ இதழில் வந்த கட்டுரைகள் வழியாகத்தான் ஆங்கிலத்தில் பரவியது. தமிழில் அப்படியே எழுதினால் பூங்கொத்து நினைவுக்கு வருவது பெரிய தொல்லை. மங்கல் நயம் என்று ஒரு சொல் என் மனதில் இருக்கிறது. ஒரே துளை, ஒரே தூரம் இருந்தும் ஒரு லென்ஸில் விளக்கொளிகள் வழவழவென்று கரைகின்றன, இன்னொன்றில் வெங்காய வளையம் வளையமாகத் தெரிகின்றன. முன்னதற்கு நயம் உண்டு, பின்னதற்கு இல்லை. செல்பேசியின் போர்ட்ரெய்ட் முறையில் வருவது மென்பொருள் வரைந்த மங்கல், அதன் நயத்தை முடியின் ஓரத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஹைப்பர்ஃபோகல் தூரத்துக்குத்தான் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. 50 மி.மீ. லென்ஸ், எஃப் 8 என்றால் சுமார் 10.5 மீட்டரில் குவித்துவிட்டால், 5 மீட்டர் சொச்சத்திலிருந்து அடிவானம்வரை எல்லாம் தெளிவாழத்துக்குள் வந்துவிடும். நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு இவ்வளவு பயன்படும் பொருளுக்கு ‘மீக்குவியத் தொலைவு’ என்பது வாயில் நுழையாத சொல்லாக இருக்கிறது. பின்னெல்லை அடிவானத்தைத் தொடும் தூரம் என்பதுதான் அதன் பொருள், அதிலிருந்து யாராவது ஒரு சிறிய சொல்லைப் பிடித்துத் தந்தால் என் ஓட்டு அதற்குத்தான். அதுவரை நான் ஹைப்பர்ஃபோகல் என்றே எழுதிக்கொண்டிருப்பேன்.