லேசர் பிரிண்டர் தானாகவே ரீசெட் ஆகிறது (லினக்ஸ் மிண்ட்)

நகல்கடைக்காரர்:
வணக்கம். கடையில் கருப்பு-வெள்ளை லேசர் பிரிண்டர் ஒன்று, யூஎஸ்பி வயரில் லினக்ஸ் மிண்ட் போட்ட கணினியோடு இருக்கிறது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தபிறகு பிரிண்ட் கொடுத்தால் ரோலர் சுற்ற ஆரம்பிக்கும், சட்டென்று எல்லா லைட்டும் அணைந்து எரியும், மறுபடி முதலிலிருந்து தயாராகும். சில சமயம் தாள் ஒழுங்காக வந்துவிடும். சில சமயம் பாதியில் மாட்டி, மூடியைத் திறந்து உருவ வேண்டியிருக்கிறது. ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் நிற்கிற நேரத்தில் இது பெரிய ரோதனை. டிமெஸ்ஜி கட்டளை காட்டும் கணினிப் பதிவில் ‘யூஎஸ்பிஎல்பி0: ரிமூவ்ட்’ என்று வரிவரியாக இருக்கிறது. அதுதான் காரணமா? பக்கத்துக் கடைத் தம்பி விண்டோஸ் போடச் சொல்கிறான். எனக்கு மனசில்லை.

கருந்திரை:
யூஎஸ்பி ஆட்டோசஸ்பெண்டாக இருக்கும், அதாவது சும்மா கிடக்கும் சாதனத்தைக் கணினியே தூங்க வைப்பது. பவர்டாப் என்ற மின்சேமிப்பு மென்பொருளைப் போட்டு ஆட்டோ-டியூன் கொடுத்தீர்களா? அது கண்ணில் பட்ட யூஎஸ்பி சாதனத்தையெல்லாம் தூங்க வைத்துவிடும். கணினி தொடங்கும்போது லினக்ஸுக்குக் கொடுக்கும் பூட் வரியில் யூஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1 சேர்த்துப் பாருங்கள்.

நகல்கடைக்காரர்:
பவர்டாப் போட்டதில்லை, இது மேசைக் கணினி. நீங்கள் சொன்ன வரியைச் சேர்த்து ரீபூட் செய்தேன். அதே கதைதான்.

பழைய ஆப்பரேட்டர்:
அண்ணே, விண்டோஸ் பேச்சை ஓரமாக வையுங்கள். ‘ரிமூவ்ட்’ வரியைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருள், அச்சடிக்கும்போது கெர்னலின் (லினக்ஸின் மையப்பகுதி) யூஎஸ்பிஎல்பி என்ற பிரிண்டர் டிரைவர் மாட்யூலை விலக்கிவிட்டுத் தானே பிரிண்டரோடு பேசும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். அந்த வரி அதற்குத்தான். நல்ல பிரிண்டரிலும் வரும்.

பார்க்க வேண்டியது, செருகிய யூஎஸ்பி சாதனத்துக்குக் கணினி கொடுக்கும் டிவைஸ் நம்பரை. ஒரு டெர்மினலில் டிமெஸ்ஜி -டபிள்யூ (புது வரிகளை உடனுக்குடன் காட்டும்) ஓடவிட்டு, பிரிண்டர் நன்றாக ஆறியபிறகு ஒரு பக்கம் கொடுங்கள். ‘ரீசெட் ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்’ என்று வந்து நம்பர் மாறாமல் இருந்தால், ரீசெட் செய்வது கணினி. ‘டிஸ்கனெக்ட்’ என்று வந்து, அடுத்து புது நம்பரில் ஏறினால், பிரிண்டர் தானே செத்துப் பிழைக்கிறது, அல்லது யூஎஸ்பி வயர் லூஸ். லைட் அணைகிறது என்கிறீர்களே, யூஎஸ்பி வயர் லூஸானால் லைட் அணையாது. கரண்டை எதிலிருந்து எடுக்கிறீர்கள்?

நகல்கடைக்காரர்:
‘டிஸ்கனெக்ட், டிவைஸ் நம்பர் 7’ என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து ‘நியூ ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ் நம்பர் 8’. பிரிண்டர், கணினி, மானிட்டர் மூன்றும் ஒரே 600 விஏ யூபிஎஸ்ஸில் இருக்கின்றன. ஆமாம், அந்த நேரத்தில் யூபிஎஸ் ஒருமுறை கீச்சென்கிறது. அதைச் சொல்ல விட்டுப்போனது.

பழைய ஆப்பரேட்டர்:
அந்தக் கீச்சுதான் துப்பு. லேசர் பிரிண்டரில் டோனரைத் தாளோடு உருக்கி ஒட்டவைக்கும் ஃப்யூசர் என்ற சூடேற்றி உண்டு. ஆறிப்போயிருந்து மறுபடி சூடாகும்போது பல நூறு வாட் ஒரே இழுப்பாக இழுக்கும். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், அதில் உங்கள் கணினிக்கும் பங்கு இருக்கிறது. வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தால் கணினியின் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) சமாளித்துக்கொள்ளும், பிரிண்டர் விழுந்துவிடும். அடுத்தடுத்து எடுக்கும்போது இந்தக் கோளாறு வராததும் அதனால்தான், ஃப்யூசர் ஏற்கெனவே சூடு. பிரிண்டரை மட்டும் நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். அப்படியும் அணைந்தால் பிரிண்டரின் பவர் போர்டு போயிருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பூட் வரியில் சேர்த்ததையும் எடுத்துவிடுங்கள், அது இதற்குத் தேவையில்லை.

நகல்கடைக்காரர்:
சுவரில் மாட்டிவிட்டேன். காலையிலிருந்து ஒருமுறைகூட அணையவில்லை, நம்பரும் மாறவில்லை. ஆனால் எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும். நடுவில் போனால் பிரிண்ட் கொடுத்தது என்ன ஆகும்?

பழைய ஆப்பரேட்டர்:
கணினி யூபிஎஸ்ஸில் இருப்பதால் வேலை கப்ஸ் வரிசையிலேயே நிற்கும். பிரிண்டர் செட்டிங்கில் ‘பாலிசீஸ்’ பக்கம் போய், எரர் பாலிசியை ‘ரீட்ரை கரண்ட் ஜாப்’ என்று வையுங்கள். கரண்ட் வந்ததும் தானாக அடிக்கும். பாதியில் நின்ற தாளை மட்டும் முதலில் உருவிவிடுங்கள்.