கடலோரத்து ஸ்கூட்டருக்கு எந்தக் கம்ப்ரெஷன்? எங்கள் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

என் அக்காவின் மகன், காலால் உந்தி ஓட்டி வித்தைகள் செய்யும் ஃப்ரீஸ்டைல் ஸ்கூட்டர் ஓட்டத் தொடங்கியபோது, அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பு மாமன் என்ற முறையில் என்னிடம் வந்து சேர்ந்தது. மூன்று வருடங்களில் மூன்று வகைக் கம்ப்ரெஷன்களை, அதாவது ஸ்கூட்டரின் முன்பாகத்திலுள்ள பேரிங்குகளை அழுத்தி வைக்கும் அமைப்புகளை, என் கையால் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். எடை குறைவு, உறுதி அதிகம் என்று பலரும் பலவாறு வாதிடுகிறார்கள். கொழும்பின் கடலோரச் சாலையான மெரைன் டிரைவுக்கு இருநூறு மீற்றர் உள்ளே வசிக்கும் ஒருவனாக நான் வேறொரு கேள்வியை முதலில் கேட்கிறேன்: உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் நின்ற பிறகும் அதைக் கழற்ற முடியுமா?

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டரைத் தூக்கிப் போடும் ஒவ்வொரு தடவையும் ஹெட்செட் பகுதியில் (கைப்பிடியும் முன் சக்கரமும் சேர்ந்து திரும்பும் இடம்) 'டக்' என்று ஒரு சத்தம் எழுந்தது. கிளாம்ப் தளர்ந்துவிட்டது என்று எண்ணி அதன் போல்ட்களை மேலும் மேலும் முறுக்கினேன், சத்தம் நிற்கவில்லை. கிளாம்ப், பாரையும் (கைப்பிடித் தண்டு) ஃபோர்க்கையும் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) பக்கவாட்டில் பற்றிப் பிடிப்பதற்கு மட்டுமே உரியது. ஹெட்செட்டின் மேலும் கீழும் உள்ள இரண்டு பேரிங்குகளை மேலிருந்து கீழாக அழுத்தி வைப்பது கம்ப்ரெஷன் போல்ட்டின் வேலை. கிளாம்ப் இறுகியிருக்கும்போது கம்ப்ரெஷன் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அந்த அழுத்தம் பேரிங்கைச் சென்றடையாது. ஆகவே, எந்த முறையானாலும் கிளாம்பைத் தளர்த்தி, கம்ப்ரெஷனைச் சரிசெய்து, அதன் பின்பே கிளாம்பை இறுக்க வேண்டும். இந்த ஒழுங்கைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதமும் ஒரு சோடி பேரிங்கும் செலவாயின.

எங்கள் ஸ்கூட்டரில் கடையிலிருந்தே பூட்டி வந்தது ஐ.சி.எஸ். (இன்வெர்ட்டட் கம்ப்ரெஷன் சிஸ்டம்) முறை. இதில் ஸ்டார் நட் (குழாயின் உட்சுவரைப் பற்றிப் பிடிக்கும் பற்களுள்ள நட்) பாரின் உள்ளே இருக்கும். ஃபோர்க்கின் அடியிலிருந்து ஒரு நீண்ட போல்ட் மேலேறி அதைக் கீழே இழுக்கும். பாகங்கள் குறைவு என்பதால் எடையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், சக்கரம் தெறிக்கும் தண்ணீர் முழுவதும் அந்தப் போல்ட்டின் தலையில்தான் போய்ச் சேருகிறது என்பது. ஒரு தென்மேல் பருவமழை முடிந்தபோது அலன் சாவி செல்லும் குழி துருவால் நிரம்பியிருந்தது. அதைச் சுரண்டித் திறந்து முறுக்கியபோது, உள்ளே ஸ்டார் நட் பிடி விட்டு வழுக்கிக் கீழிறங்கியது.

2022ஆம் ஆண்டு இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது வெளிநாட்டிலிருந்து ஒரு சிறு பாகத்தை வரவழைப்பதுகூட எட்டாத காரியமாக இருந்தது. சைக்கிள் கடையில் ஒரு ஸ்டார் நட் வாங்கி வந்தேன். பாரினுள் வைத்ததும் அது கிணற்றில் கல் போட்டதுபோல் உள்ளே விழுந்துவிட்டது. சைக்கிளுக்கான ஸ்டார் நட், 28.6 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள ஃபோர்க் குழாயின் உட்புறத்துக்கு ஏற்ற அளவில் செய்யப்படுவது. ஐ.சி.எஸ். முறையில் பாரின் உள்விட்டமே 28.6 மில்லிமீற்றர் என்பதால், அதைவிடப் பெரிய ஸ்டார் நட் தேவை. வாங்குவதற்கு முன் எனக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

பாரைத் தூக்கிக்கொண்டு பஞ்சிகாவத்தையில் ஒரு லேத் பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்துவிட்டு, "தம்பி, நட்டின் பற்கள் உள்சுவரைச் சீவிவிட்டன, புதியது போட்டாலும் இந்த இடத்தில் நிற்காது" என்றார். அன்றைக்கே எஸ்.சி.எஸ். (ஸ்டாண்டர்ட் கம்ப்ரெஷன் சிஸ்டம்) முறைக்கு மாறுவது என்று முடிவெடுத்தேன். நான்கு போல்ட்கள் கொண்ட அதன் கனமான கிளாம்புக்குள், ஃபோர்க் கீழிருந்தும் பார் மேலிருந்தும் வந்து நிற்கும். கம்ப்ரெஷன் மூடி கிளாம்பின் உள்ளேயே அமர்ந்திருப்பதால் பாரின் கீழ்நுனியில் பிளவு தேவையில்லை. பிளவு இருந்தால் அதை வெட்டி நீக்க வேண்டும். பெரியவர் பிளவுப் பகுதியை வெட்டி, விளிம்பைச் சமப்படுத்தித் தந்தார். வெட்டியதால் குறைந்த உயரத்தில் ஒரு பகுதியைக் கிளாம்பின் உயரம் ஈடுசெய்தது. எங்கள் பாரின் வெளிவிட்டம் 31.8 மில்லிமீற்றர் என்பதால் கிளாம்புடன் வந்த ஷிம்மையும் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய உலோக வளையம்) செருகினோம், 34.9 மில்லிமீற்றர் பாருக்கு அது வேண்டியதில்லை. பாருக்குச் சிறிதாகிப்போன அந்தச் சைக்கிள் ஸ்டார் நட், ஃபோர்க் குழாய்க்குள் அளவெடுத்துச் செய்ததுபோல் இறங்கியது. இன்றும் அதுவே அங்கே இருக்கிறது.

என் தீர்ப்பு எஸ்.சி.எஸ். பக்கமே. சக்கரத்தைத் தொட வேண்டியதில்லை, மேல் இரண்டு போல்ட்களைத் தளர்த்தினால் பார் வெளியே வந்துவிடும், உள்ளே இருப்பவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணாவின் பதிவை முழுவதும் வாசித்தேன். எச்.ஐ.சி. (ஹிடன் இன்டர்னல் கம்ப்ரெஷன்) பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் தீர்ப்பளித்துவிட்டது எனக்குச் சற்று வருத்தமே. நான் எச்.ஐ.சி. பூட்டிய ஸ்கூட்டரைத்தான் ஓட்டுகிறேன். ஃபோர்க் குழாயின் மீது ஒரு ஷிம்மை ஏற்றி, மேலிருந்து ஒரு மூடியாலும் போல்ட்டாலும் அழுத்திவிட்டு, அதற்கு மேல் பாரைச் செருகும் முறை இது. அகலமான பாரும் அதன் கீழே ஃபோர்க் குழாயும் நீண்ட தூரம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதால், உயரத்திலிருந்து இறங்கும்போது கைக்குக் கிடைக்கும் இறுக்கம் எனக்கு எஸ்.சி.எஸ். முறையில் கிடைக்கவில்லை.

உப்புக்காற்று பற்றிச் சொன்னது உண்மை. அலுமினிய ஷிம்மும் எஃகுக் குழாயும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால், அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்ணிறப் பொடியாகி இரண்டையும் சீமெந்து போலப் பிணைத்துவிடுகிறது. ஒரு தடவை என் ஷிம் அவ்வாறு இறுகியதால், துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி இரண்டு நாட்கள் காத்திருந்து, ஷிம்மின் பிளவில் ஒரு தட்டைத் திருப்புளியை நுழைத்து விரித்தே எடுத்தேன். அதன் பிறகு மாதம் ஒரு முறை கழற்றித் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசுகிறேன். இரண்டு வருடங்களாகத் தொந்தரவு இல்லை.

தெஹிவளையிலிருந்து:

என் மகளுக்கு ஒன்பது வயது. பார்ஸ்பின் (பாரை முழுச் சுற்றாகச் சுழற்றும் வித்தை) பழகுகிறாள். கனமான கிளாம்ப் பூட்டிய ஸ்கூட்டரை ஒரு நாள் இரவல் வாங்கி ஓட்டியபோது முன்பாகத்தைத் தூக்கவே சிரமப்பட்டாள். ஐ.சி.எஸ். முறையைத் தக்கவைத்துக்கொண்டு, அந்த அடிப் போல்ட்டை மட்டும் எப்படிக் காப்பாற்றலாம் என்று வெள்ளவத்தைத் தம்பி சொல்வீர்களா?

வெள்ளவத்தையிலிருந்து:

அக்கா, உங்கள் மகளின் வயதுக்கு நானும் ஐ.சி.எஸ். முறையை மாற்றச் சொல்ல மாட்டேன். அந்த உடலுக்கு முன்பக்க எடையே பெரிய விடயம். போல்ட்டின் குழியைக் கிரீஸால் நிரப்பி வையுங்கள். நீர் புகுவதற்கு இடமே இருக்காது. முறுக்க வேண்டிய நாளில் ஒரு குச்சியால் வழித்தெடுத்தால் போதும். போல்ட் துருவேறினால் அதே நீளத்தில் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட் ஒன்றைத் தேடிப் போடுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு: எச்.ஐ.சி. முறையை நான் எட்டு மாதங்கள் மாத்திரமே வைத்திருந்தேன். நீங்கள் சொல்லும் அந்த இறுக்கம் உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மாதம் ஒரு முறை கழற்றித் துடைக்கும் பொறுமை பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் இருக்காது. ஷிம் இறுகினால் அதை உள்ளிருந்து விரிக்க வேண்டும், எஸ்.சி.எஸ். கிளாம்போ வெளியிலிருந்தே திறந்துகொள்ளும். இங்கே என் மனதைத் தீர்மானித்தது இந்த வேறுபாடே. எஸ்.சி.எஸ். முறையில் பார் ஆடுகிறது என்றால், நான்கு போல்ட்களையும் ஒரே மூச்சில் இறுக்கியிருப்பார்கள். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கி, கிளாம்பின் பிளவு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்க் குழாயின் நுனி மூடிக்குச் சில மில்லிமீற்றர் கீழே நிற்கிறதா என்பதையும் பாருங்கள். குழாய் மூடியை முட்டினால் அழுத்தம் பேரிங்குக்குப் போகாது.

சரியான அளவைக் கண்டறிய, முன் சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, ஹெட்செட் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு பாரை முன்னும் பின்னும் அசைப்பேன். விரலில் அசைவு தெரிந்தால் இன்னும் கால் சுற்று. பாரைச் சுழற்றும்போது சொரசொரப்புத் தெரிந்தால் கால் சுற்றுப் பின்னோக்கி. மருமகன் இப்போது இவற்றையெல்லாம் தானே செய்துகொள்கிறான். கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும், "மாமா, விரலை வைத்துப் பாருங்கள்" என்று கூப்பிடுகிறான்.