ஜார்ஜ் ரொமேரோவின் பாணி எங்கே இருக்கிறது?

கேள்வி

ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' (1968) படத்தை அண்மையில் முதன்முறையாகப் பார்த்தேன். நடமாடும் பிணங்களைப் பற்றிப் பின்னாளில் வந்த எத்தனையோ படங்களைப் பார்த்துப் பழகியிருந்தும், இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் என்னை ஏன் இவ்வளவு உலுக்கியது என்று விளங்கவில்லை. இது அவருடைய பாணியா, அல்லது பணம் போதாமையால் தானாக அமைந்த கரடுமுரடா? அவருடைய படங்களை நெடுநாளாகப் பார்த்து வருபவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

இருபது ஆண்டுகளாக அவருடைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது பாணிதான், அதன் உயிர் படத்தொகுப்பில் இருக்கிறது. ஹாலிவுட்டுக்குப் போகாமல் பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படங்களும் தொழில்துறைப் படங்களும் எடுத்துத் தொழில் கற்ற ரொமேரோ, இந்தப் படத்தின் ஒளிப்பதிவையும் தொகுப்பையும் தாமே செய்தார். பண்ணை வீட்டின் சன்னல்களை நாயகன் பலகை வைத்து அடைக்கும் பகுதியை மறுபடி பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளாக அடுக்கப்பட்ட அந்தக் காட்சிகளில் வேலை செய்கிற மனிதனின் அவசரம் தெரிகிறது. வானொலி நிதானமான குரலில் செய்தி வாசிக்க வாசிக்க, நம்ப முடியாத ஒன்று செய்திப் படம்போல நம் முன் நிற்கிறது.

வெளியே நிற்கும் பிணங்களைக் காட்டிலும், நிலவறைக்குள் ஒளிவதா மேலேயே நிற்பதா என்று உள்ளே இருப்பவர்கள் போடும் சண்டைதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது. விடிந்த பிறகு, இரவெல்லாம் தாக்குப்பிடித்த நாயகனை (நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர்) பிணமென்று எண்ணி மனிதர்களே சுட்டுவிடுகிறார்கள். அதன்பின் சிறிது நேரம் படம் அசைவதில்லை. செய்தித்தாள் புகைப்படங்களைப் போன்ற புள்ளி புள்ளியான நிழற்படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. 1968ஆம் ஆண்டின் அமெரிக்காவில் அந்தப் படங்கள் எதை நினைவூட்டியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் மனம் கனத்துப் போகிறது.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பணமின்மையை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. இரத்தத்துக்குப் பதிலாகச் சாக்லேட் பாகைப் பயன்படுத்த முடிந்தது கறுப்பு வெள்ளையில் எடுத்ததால்தான். இல்லாமையையே அழகியலாக மாற்றியது அவருடைய திறமை. அதை முழுமையாக உணர 'மார்ட்டின்' படத்தைப் பாருங்கள். தன்னை இரத்தக்காட்டேரி என்று நம்பும் இளைஞனின் கதை அது. அவனுக்குக் கோரைப்பல் கிடையாது. ஊசியும் சவரக்கத்தித் தகடும்தான் இருக்கின்றன. நலிந்துபோன எஃகு ஆலை நகரான பிராடக்கின் தெருக்களில் அவன் அலைகையில், இடையிடையே கறுப்பு வெள்ளையில் வந்து போவன நினைவுகளா கற்பனைகளா என்று ரொமேரோ கடைசிவரை சொல்வதில்லை. என்னைக் கேட்டால் அவருடைய மிகச் சிறந்த படம் இதுதான்.

மறுமொழி 3

'டான் ஆஃப் த டெட்' (1978) படத்தையும் விட்டுவிடாதீர்கள். பிட்ஸ்பர்க்குக்கு அருகே மன்ரோவில் (Monroeville) என்ற ஊரின் வணிக வளாகத்தில் கடைகள் மூடிய பிறகு இரவுகளில் படமாக்கியது. காட்சிகளை வெட்டித் தணிக்கைத் தரச் சான்று வாங்குவதற்குப் பதிலாக, சான்றே இல்லாமல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். அந்தப் பிடிவாதமும் அவருடைய பாணியின் ஒரு பகுதியே என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சன்னல் அடைக்கும் பகுதியை மறுபடி பார்த்தேன். மேசையின் கால்களைப் பிரித்தும் உள்கதவுகளைக் கழற்றியும், அந்த வீட்டைக் காப்பதற்காக அந்த வீட்டையே அவன் உடைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை முதல் முறை நான் கவனிக்கவில்லை.